நாமினி யாருங்க?

பேங்க்கில் வேலை என்று தெரிந்ததுமே நம்மூர்க்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி: "சார், எந்த ஃபண்டுல போடலாம்?" நாக்பூருக்கு வந்து இத்தனை வருஷத்தில், "எனக்கு ஒண்ணு ஆயிட்டா வீட்டுக்காரி இந்தப் பணத்தை எப்படி எடுப்பா?" என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. கேட்டால் அபசகுனமாம்!

அபசகுனமும் இல்லை, மண்ணும் இல்லை. பாதி சோம்பேறித்தனம். மீதிப் பாதி, "அவளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிற திமிர்.

10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட்டை, ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய ஒரு நிதிக்கு வங்கிகள் அனுப்பிவிட வேண்டும். 2023 பிப்ரவரி வரை பொதுத்துறை வங்கிகள் மட்டும் அனுப்பியது சுமார் 35,000 கோடி ரூபாய். வாரிசுகள் பிறகு வந்து கேட்டாலும் கிடைக்கும், சரி. ஆனால் கணக்கு இருப்பதே தெரியாதவர் எதைக் கேட்பார்? தேடிப் பார்ப்பதற்கென்றே 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி திறக்க வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு இது இன்னும் மோசம். கம்பெனி மாறினால் புதுசாக ஒரு சம்பளக் கணக்கு. சென்னையில் ஒன்று, புனேயில் ஒன்று, ஊரில் அப்பாவோடு சேர்ந்து ஒன்று. இரண்டு வருஷம் நீங்கள் போட்டு எடுக்காவிட்டால் அது செயல்படாத கணக்கு. முன்பாவது பாஸ்புக்கும் பாண்டும் பீரோவில் கிடந்தன. இப்போது "எல்லாம் மொபைல்லயே இருக்கு சார்" என்று பெருமை வேறு. அந்த மொபைலைத் திறக்கிற நம்பர் உங்கள் மண்டைக்குள் அல்லவா இருக்கிறது?

நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழ், விண்ணப்பம், அடையாள அட்டை, வேலை முடிந்தது. இல்லாவிட்டால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் கையெழுத்து, தொகை பெரிதென்றால் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருக்கும். மராத்தியும் இந்தியும் சரியாக வராத ஒரு பெண், துக்கம் ஆறுவதற்குள் கவுண்டர் கவுண்டராக நிற்கிறார். அந்தக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்கிறேன், பார்க்கச் சகிக்காது.

"நாமினி போட்டிருக்கேனே!" என்பவர்களே, யாரை? கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயரைப் போட்டீர்கள். அப்பா காலமாகி வருஷமாச்சு. மாற்றினீர்களா? 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை போடலாம். அம்மாவா மனைவியா என்ற தர்மசங்கடமும் போச்சு.

இன்னொன்று. வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் உரிமை பெற்றவர். அதனால் மட்டும் அது அவருக்குச் சொந்தமாகிவிடாது, மற்ற வாரிசுகள் பங்கு கேட்கலாம். யாருக்கு எவ்வளவு என்பதை உயில்தான் சொல்லும். "நம்மகிட்ட என்ன ஜமீனா இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தும், முறைப்படி இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் போதும்.

ஆக, ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். எந்த வங்கி, எந்தக் கிளை, என்ன பாலிசி, பி.எஃப். எண், யார் நாமினி என்று எழுதுங்கள். வாங்கின கடன், கொடுத்த கைமாற்று, நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் அதில் வரட்டும் (அதுதான் கஷ்டம், தெரியும்!). பின் நம்பரும் பாஸ்வேர்டும் மட்டும் வேண்டாம். ஓடாத கணக்குகளை மூடிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் பீரோவில் வைத்துச் சாவியை ஒளித்துவிடாதீர்கள். வீட்டுக்காரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் கேட்கிற கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அவர் பெயரிலும் கணக்கு இருந்தால், அடுத்த பக்கம் அவர் எழுதட்டும்.