வண்டி தாங்கும் என்னும் சித்தாந்தம்

திருநெல்வேலிச் சீமையில் சிறு சுமைவண்டி வைத்திருப்பவர்களிடமும், அவற்றை வாடகைக்கு அமர்த்துகிறவர்களிடமும், பாரம் ஏற்றி இறக்கும் கூலிக்காரர்களிடமும் ஒருமுகமாக நிலவிவரும் அபிப்பிராயம் ஒன்று உண்டு. களக்காட்டில் வாழைத்தார் ஏற்றுமிடமானாலும் சரி, அம்பாசமுத்திரத்து நெற்களமானாலும் சரி, பாளையங்கோட்டையில் கம்பியும் சிமெண்டும் விற்கும் கடைவாசலானாலும் சரி, "இவ்வளவும் ஏற்றலாமா?" என்று யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால், ஓட்டுநர் பின்சக்கரத்தைக் காலால் ஒரு தடவை உதைத்துப் பார்த்துவிட்டு, "வண்டி தாங்கும் அண்ணாச்சி, ஒண்ணுஞ் செய்யாது" என்று சொல்லிவிடுவார், அதற்குமேல் அங்கே வாதம் கிடையாது. "வண்டி தாங்கும்" என்ற அந்த இரண்டு சொற்களையும், அவற்றைச் சுற்றிப் படர்ந்திருக்கும் உபசித்தாந்தங்களையும் மறுப்பதே என் உத்தேசம்.

இந்த அபிப்பிராயம் ஆதாரமே இல்லாமல் பிறந்ததன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்வது நியாயம். 2005-ஆம் ஆண்டில் டாட்டா கம்பெனியார் ஏஸ் என்ற வண்டியை வெளியிட்டபோது, இரண்டே சிலிண்டர்களும் பதினாறு குதிரைச்சக்தியும் கொண்ட அந்தச் சிறு பிராணி, சுமார் முக்கால் டன் என்று விதித்திருந்த இடத்தில் ஒன்றரை டன்னையும் முனகாமல் சுமந்துகொண்டு போவதைக் கண்ட நம் ஜனங்கள், அதற்குக் குட்டியானை என்று நாமகரணம் செய்தார்கள். யானை என்று பெயர் வைத்த பிறகு, தாங்குமா என்று கேட்பது மரியாதையாகுமா? பின்னர் 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டாரின் தோஸ்த் வந்தது; மஹிந்திராவின் பொலிரோ பிக்கப்பும் பெருகியது; மாட்டுவண்டி மெல்ல மறைந்தது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்குவண்டிக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பெர்மிட் கேட்பதில்லை. மொத்த எடை 7500 கிலோவுக்கு உட்பட்ட சரக்குவண்டியை ஓட்டச் சாதாரண இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று 2017-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. ஏழைத் தொழிலாளிக்கு இவை பெரும் அனுகூலங்கள் என்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் இதன் விளைவாக, கார் ஓட்டப் பழகிய ஒருவர் மறுநாள் காலையிலேயே சுமைவண்டியின் சாரதியாகிவிடுகிறார். பாரம் ஏற்றும் வித்தையை அவருக்கு யாரும் போதிப்பதில்லை. போதனை இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் "வண்டி தாங்கும்" என்ற சித்தாந்தம் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறது.

தாங்குவதற்கு இவர்கள் காட்டும் பிரத்தியட்சப் பிரமாணம் பட்டை. பின் அச்சின்மேல் வளைந்து கிடக்கும் வில்பட்டைகளோடு பட்டறையில் இன்னும் இரண்டு பட்டைகளைக் கூட்டிப் போட்டுவிட்டால், எவ்வளவு ஏற்றினாலும் வண்டி தணிவதில்லை. தணியாத வண்டிக்குப் பாரம் ஏறவில்லை என்பது இவர்களுடைய அனுமானம். பட்டை கூடியதே ஒழிய, பிரேக்கு கூடிற்றா? அச்சு பருத்ததா? டயரின் ஏடுகள் அதிகரித்தனவா? பதிவுச் சான்றில் எழுதியிருக்கும் எடை மாறிற்றா? இவற்றைவிட வேடிக்கையான விபரீதம் ஒன்றும் உண்டு. இவ்வகை வண்டிகள் பலவற்றில் பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கம்பியால் பிணைத்த சிறு வால்வு இருக்கிறது. பாரம் ஏறிப் பின்புறம் தணியும்போது, அந்தத் தணிவைக்கொண்டே அது பாரத்தை ஊகித்துப் பின்சக்கரப் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி வெறுமனே நிமிர்ந்து நிற்கும்போது, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடாதபடி அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை கூட்டிய வண்டியோ ஒன்றரை டன்னைச் சுமந்துகொண்டும் நிமிர்ந்தே நிற்கிறது. வால்வு பாவம், வண்டி காலி என்று நம்பிப் பின்பிரேக்கைக் குறைக்கிறது. பிரேக்கு எப்போது மிகுதியும் வேண்டுமோ அப்போதே அதை அபகரிக்கும் இந்த யுக்திக்கு நாம் கூலியும் கொடுக்கிறோம்.

தாங்குவது ஒரு குணம், நிற்பது மற்றொரு குணம். வண்டியும் பாரமும் சேர்ந்த எடை இரு மடங்கானால், அதே வேகத்தில் வண்டியை நிறுத்தப் பிரேக்கு விழுங்க வேண்டிய சக்தியும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானால் அது நான்கு மடங்காகும். வண்டி நகர்வதை மாத்திரம் கண்டு திருப்தியடைகிறவர், மரம் தன்மேல் ஏற இடங்கொடுத்ததைக் கொண்டு, இறங்கவும் இடங்கொடுக்கும் என்று நம்பினவரை ஒத்தவர்.

இனிக் கண்ணளவு. பாரம் எவ்வளவு என்று தராசைக் கேட்பதை விட்டு, வண்டியின் பக்கப் பலகையைக் கேட்பது நம் வழக்கம். பலகைக்கு மேலே போனால் அதிகம், கீழே இருந்தால் குறைவு. நூறு கன அடி கொண்டது ஒரு யூனிட் மணல். கால் யூனிட்டை, அதாவது 25 கன அடியை, குட்டியானையின் தட்டில் பரப்பினால் ஒரு சாண் உயரந்தான் வரும். பார்க்கிறவர் இன்னும் இடமிருக்கிறதே என்பார். அதன் எடையோ ஒரு டன்னைத் தாண்டும், நனைந்த மணலானால் இன்னும் மிகும். மறுபுறம், பிசான அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டியோ சாலையை அடைத்துக்கொண்டு ஒரு மலைபோல அசைந்து வரும், எடை கொஞ்சந்தான், ஆயினும் உயரம் மிகுந்ததால் ஒரு வளைவும் ஒரு காற்றும் சேர்ந்தால் அது கவிழ்ந்துவிடும். ஆக, கண் ஒன்றில் குறைத்துச் சொல்கிறது, மற்றொன்றில் வேறு அபாயத்தைச் சொல்லாமலே விடுகிறது. அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள். முக்கால் டன் வண்டிக்கு 18 சிப்பம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். 30 சிப்பம் ஏறுவதை நானே களத்தோரம் நின்று எண்ணியிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மிகைப்பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். இது ஓட்டுநர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆகையால் அதை நான் ஒரு வாதமாக வைக்கவில்லை.

"மெதுவாகத்தானே போகிறோம்" என்பது அடுத்த உபசித்தாந்தம். சமதளத்தில் இதில் பாதி உண்மை இருக்கிறது. மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலைப் பாதையில் இறங்கி வருகிறவனுக்கு அந்தப் பாதியும் இல்லை. மெதுவாக இறங்குவதற்காகவே அவன் வழிநெடுக பிரேக்கை அழுத்திக்கொண்டு வருகிறான்; பின்சக்கரத்து டிரம்முக்குள் சூடு ஏறுகிறது; லைனிங் கருகும் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது; கடைசியில் மிதி மிதித்த இடத்திலேயே இருந்தும் வண்டி கேட்பதில்லை. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய பஸ் டிரைவர்கள் சொல்லி வைத்தது, என்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கட்டும் என்பதற்காகத்தான். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை. நான்குவழிச் சாலையிலும் மெதுவாகப் போவது பரிபூரண ரட்சை ஆகாது. பங்குனி வெயிலில், காற்றுக் குறைந்த டயர் மிகைப்பாரத்தில் நசுங்கி நசுங்கிச் சுழலும்போது, நிதானமாகப் போனாலும் அது உள்ளுக்குள் வெந்துகொண்டேதான் இருக்கிறது.

எந்த இடத்தில் பாரத்தை வைப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நாம் அறிந்திருந்த ஒரு வித்தையை மறந்துவிட்டோம் என்பது என் மனத்தாங்கல். "கடைசியில் வை, இறக்க லேசு" என்று கதவோரமாகவே மூட்டைகளை அடுக்குகிறார்கள். மாட்டுவண்டிக்காரர் இதைக் கண்டிருந்தால் சிரித்திருப்பார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே தூக்கிக்கொண்டு கழுத்துக்கயிறு மாட்டை நெரிக்கும். ஆகையால் அவர் மூட்டையை ஒரு முழம் முன்னே தள்ளியும், ஒரு சாண் பின்னே இழுத்தும், தாமே ஏர்க்காலருகில் நகர்ந்து உட்கார்ந்தும், நுகம் மாட்டின்மேல் இலேசாகப் படிந்திருக்கும்படி செய்துவிட்டே "த்தா" என்பார். பின்பாரம் மிகுந்த மோட்டார் வண்டியிலும் அதே சங்கதிதான் நடக்கிறது: பின் அச்சுக்கு அப்பால் விழுந்த எடை முன்சக்கரங்களைத் தூக்குகிறது, ஸ்டியரிங் இலேசாகிவிடுகிறது, புதிய ஓட்டுநர் அதை வண்டியின் நயம் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறார். மாடு என்றால் தலையை ஆட்டி நின்றுவிடும். இயந்திரம் அப்படி ஆட்சேபிப்பதில்லை. முன்சக்கரம் வளைவில் கேளாமற்போகும் நிமிஷத்தில்தான் அது முதன்முதலாகப் பேசுகிறது. கனமானவை கீழே, கேபின் சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னதாக, இலேசானவை மேலே. இவ்வளவுதான் சாஸ்திரம்.

இழுப்பதிலும் இந்த முன்பார நியாயமே செல்லும். ஊரில் எங்கே கான்கிரீட் போட்டாலும், அதிகாலையில் ஒரு பிக்கப்புக்குப் பின்னால் கலவை மிஷினைக் கோத்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். சேரன்மாதேவிச் சாலையில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நின்ற ஒன்றை நான் கிட்டப்போய்ப் பார்த்தேன். கொக்கியின் துவாரத்தில் பின்னுக்குப் பதிலாக ஒரு பழைய கம்பித்துண்டை வளைத்துச் செருகியிருந்தது. அது கழன்றால் தாங்கிக்கொள்ள ஒரு சங்கிலியும் இல்லை. விளக்கில்லை, பிரேக்கு இல்லை. சிமெண்டுப் பால் உறைந்த டிரம்மின் பின்புறத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்த தடயம் மாத்திரம் இருந்தது. "டிரம்மு பின்னால சாஞ்சிருக்கே" என்றேன். "அப்பிடித்தான் ஆட்டிக்கிட்டே வரும்" என்றார் அந்த இளைஞர். இழுக்கப்படுவதன் எடையில் பத்தில் ஒரு பங்கேனும் கொக்கியின்மேல் அமர்ந்திருக்க வேண்டும் என்று மேல்நாட்டுக் கைநூல்கள் சொல்கின்றன. அது நம் முன்பாரத்தின் மறுபெயர். பாரம் பின்னுக்குச் சாய்ந்தால் வால் ஆடும்; வால் ஆடத் தொடங்கினால் வண்டியையே ஆட்டிவிடும்.

நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பவர்கள், கயிறு மாத்திரமே பிரச்சினை என்று எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்து மீட்டருக்கு மேல் கூடாது, இழுக்கப்படுவது தெரியும்படி எழுதி மாட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி சொல்லாத சூட்சுமம் வேறு: என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்குக்குத் துணையான வாக்குவம் கிடையாது, ஓரிரு மிதிக்குப் பின் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் திருகைக் கல் போலாகிவிடும். பின்வண்டியில் உட்கார்ந்திருக்கும் சின்னப்பையனுக்கு இதை முன்கூட்டியே யாராவது சொல்கிறார்களா?

நிறுத்திவைப்பதில் எனக்கே ஒரு பாடம் உண்டு. பாபநாசத்துக்கு வீட்டுச் சாமான்களை ஏற்றிச் சென்றபோது, ஓட்டுநர் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, ஹாண்ட்பிரேக்கை மூன்று பற்கள் இழுத்துவிட்டு டீ குடிக்க இறங்கினார். பீரோவும் அரவைக் கல்லும் ஏறியிருந்த வண்டி, யாரும் தொடாமலே, சாவதானமாக ஒரு கஜ தூரம் பின்னுக்குப் போய் ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றது. மரத்துக்கு நன்றி. ஹாண்ட்பிரேக்கு என்பது பின்சக்கரத்தை மாத்திரம் கவ்வும் ஒரு கம்பிக் கயிறு. கயிறு நாளடைவில் இளகும். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியரிலும், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸிலும் போட்டு, முன்சக்கரத்தைச் சாலையோரமாகத் திருப்பி, சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். கொடுத்த கல்லைப் புறப்படும்போது எடுத்து ஓரத்தில் போடுவதும் அந்தக் காரியத்தின் பாகமே; நடுச்சாலையில் விட்டுப்போன கல், இரவில் வரும் சைக்கிள்காரனுக்காகக் காத்திருக்கிறது. பழுதாகி நின்ற வண்டியின் பின்னே வேப்பங்குழையை ஒடித்துப் போடுகிற வழக்கம் பகலுக்குப் பொருந்தும்; இருளில் பச்சைக்குழைக்கும் இருளுக்கும் என்ன வித்தியாசம்? ஒளி திருப்பும் முக்கோணம் ஒன்று இருக்கைக்குக் கீழேயே கிடக்கிறது, உறைகூடப் பிரிக்காமல்.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலுக்குக் குடும்பத்தோடு சுமைவண்டியில் போகிறவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. பஸ் போகாத காட்டுக்கோயிலுக்கு அவர்கள் வேறெதில் போவார்கள்? ஆனால் "பக்கத்தூருதானே, பதினைந்து பேர்தானே, நெல்லைவிடக் கனமா?" என்ற வாதத்தை மாத்திரம் ஏற்க முடியாது. மூட்டை நிற்பதில்லை, வளைவில் ஒரே பக்கமாகச் சாய்வதில்லை, பலகைமேல் உட்கார்ந்து பேசுவதில்லை. விபத்தென்று வந்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு செய்தி: சரக்குவண்டியில் இலவசமாக ஏறிய பிரயாணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரிலேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ கூடவந்தால் மாத்திரமே விலக்கு. கும்பிடப் போகிறவர்கள் சரக்குக்கு உரியவர்கள் ஆகமாட்டார்கள்.

சென்ற தைக்கு முன்பு காருகுறிச்சியில் பொங்கற்பானை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குயவர் ஒருவர், எழுபது வயதிருக்கும், தட்டின்மேல் வைக்கோலைப் பரப்பி, கேபின் சுவரிலிருந்து தொடங்கி, பானைகளை ஒன்றன் வயிற்றோடு ஒன்று அணைத்துக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டே வந்தார். இரண்டு பானைக்கு இடையே விரலை விட்டுப் பார்ப்பார். விரல் ஆடினால் ஒரு பிடி வைக்கோலைத் திணிப்பார். கீழே நின்ற ஓட்டுநருக்குப் பொறுமை போய்விட்டது. பின்சக்கரத்தைக் காலால் உதைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு வரிசை போடும் தாத்தா, வண்டி தாங்கும்" என்றார்.

பெரியவர் தலைநிமிரவில்லை. "வண்டி தாங்கும்லே, பானை தாங்கணும்லா?" என்றார்.