ஊசியும் வேண்டும், சோறும் வேண்டும்!

எம்72 என்ற புதிய க்ஷயரோகத் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான ஜனங்களுக்குப் போட்டுப் பார்க்கும் பரிசோதனை 2024-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. அது வெற்றி பெற்றால், அந்த ஊசி ஒருநாள் நம் மில் வாசலுக்கும் வரும், சேரிக்கும் வரும். போட்டுக்கொள்வதா, வேண்டாமா?

அன்று இரண்டு குரல்கள் எழும். இரண்டும் நமக்குப் பழகிய குரல்களே.

"ஏழையின் உடம்பை வைத்துச் சோதனை செய்கிறார்கள், கிட்டே போகாதே!" என்பது முதல் குரல். பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் போட்டுவந்தபோது, 1955-ல், ராஜாஜியே அதற்கு எதிராகக் கொடி தூக்கினார். பயமுறுத்துகிறவர்கள் ஜெர்மனியின் லூபெக் நகரத்தைக் காட்டுவார்கள். 1930-ல் அங்கே பி.சி.ஜி. கொடுக்கப்பட்ட 72 குழந்தைகள் மாண்டது உண்மைதான். ஆனால் கொன்றது பி.சி.ஜி. அல்ல, ஆய்வுக்கூடத்தில் அதனுடன் கலந்துவிட்ட உண்மையான நோய்க்கிருமி! அங்கே தேவைப்பட்டது கண்டிப்பான மேற்பார்வை.

"ஊசிதான் வந்துவிட்டதே, இனி கூலி, வீடு, காற்றோட்டம் என்று கூச்சல் எதற்கு?" என்பது இரண்டாவது குரல். இது முதலாளியின் குரல்.

இரண்டு குரலுக்கும் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1968-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், திருவள்ளூரைச் சுற்றி சுமார் 3,60,000 பேர் வாழ்ந்த பகுதியில் பி.சி.ஜி. சோதிக்கப்பட்டது. சிலருக்கு மருந்து; சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. பல ஆண்டுகள் கணக்கெடுத்தார்கள். 1979-ல் முடிவு வந்தது: பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தை அது தடுக்கவில்லை!

அப்படியானால் ராஜாஜி ஜெயித்துவிட்டாரா? இல்லை! பச்சைக் குழந்தைகளை மூளையைத் தாக்கும் கொடிய க்ஷயத்திலிருந்து அதே ஊசி காக்கிறது. அதனால்தான் இன்றும் குழந்தை பிறந்தவுடன் போடப்படுகிறது. யாரைக் காக்கும், எதிலிருந்து காக்கும் என்பதைப் பெரிய மனிதரின் வாக்கும் சொல்லாது, கம்பெனியின் விளம்பரமும் சொல்லாது. கணக்குதான் சொல்லும். அந்தக் கணக்கை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் செங்கற்பட்டுக் கிராமத்து ஜனங்கள்!

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில், க்ஷயரோகிகளின் வீட்டாரில் ஒரு பகுதியினருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1½ கிலோ பருப்பும் கொடுத்தார்கள். கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டால், புதிதாக நோய் கண்டவர்கள் 39 சதவீதம் குறைவு! அரிசிக்கும் பருப்பும் இந்தச் சக்தி உண்டென்றால், பட்டினிக் கூலி கொடுப்பவன் நோயையும் சேர்த்தல்லவா கொடுக்கிறான்?

ஆகவே தோழர்களே, ஊசி வரும் நாளில் ஓடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டவும் வேண்டாம். கூட்டமாகக் கூடிக் கேளுங்கள்: எத்தனை பேருக்குப் போட்டுப் பார்த்தீர்கள்? எத்தனை பேருக்கு நோய் தடைப்பட்டது? யாருக்குக் கெடுதல் வந்தது? முடிவைத் தமிழில் சொல்லுங்கள்! கணக்கு சரியாக இருந்தால் முதல் வரிசையில் நாம் நிற்போம். பிள்ளைகளையும் அழைத்து வருவோம்.

அத்துடன் இதையும் கேட்போம்: ஊசி இலவசமாக வேண்டும். ஊசி போட்டுக் காய்ச்சலில் படுத்தால் அன்றைய கூலி வேண்டும். தீங்கு நேர்ந்தால் நஷ்டஈடு வேண்டும். பஞ்சுத் தூசி பறக்கும் மில்லுக்குக் காற்றோட்டம் வேண்டும். வயிறு நிறையக் கூலி வேண்டும்.

ஊசியைக் காட்டிச் சோற்றை மறைக்க விடோம்! சோற்றைச் சொல்லி ஊசியைத் தள்ளவும் மாட்டோம்!