மோடத்துக்கும் ஒரு வாசல் வேண்டும்

மோடத்தை பிரிட்ஜ் மோடில் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஃபயர்வாலை வைத்துக்கொள்கிற நம்மில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அன்றோடு மோடத்தை மறந்துவிடுகிறோம். நானும் மறந்தவன்தான்.

போன மாதம் தங்கைக்கு ஆன்லைன் தேர்வு. நடுவில் இரண்டு முறை இணையம் போய்விட்டது. பாவம், அழுதேவிட்டாள். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், உங்க ரவுட்டரைப் பாருங்க" என்று அதே பழைய பல்லவி. ஃபைபரில் ஒளி எவ்வளவு வருகிறது என்று மோடத்தின் பக்கத்தில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் 192.168.1.1 என்று அடித்தால் பக்கம் திறக்கவே இல்லை!

ஏன் தெரியுமா? பிரிட்ஜ் ஆன பிறகும் பெரும்பாலான மோடம்கள் தங்கள் பழைய முகவரியில் விழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஆனால் நம் ஃபயர்வாலுக்கு வெளியே போகத் தெரிந்த ஒரே வழி பிபிபிஓஇ இணைப்பு. மோடத்துக்கான பாக்கெட்டையும் அதற்குள்ளேயே தள்ளிவிடுகிறது. அது மோடத்தைத் தாண்டி இணைய நிறுவனத்துக்குப் போய், அங்கே குப்பையில் விழுகிறது. பக்கத்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தை டெல்லிக்கு அனுப்புகிற மாதிரி.

தீர்வு மூன்றே படிகள். வீட்டு நெட்வொர்க்கை 192.168.10.x போல வேறு வரிசைக்கு மாற்றுங்கள். மோடம் செருகியிருக்கும் அதே போர்ட்டுக்கு, பிபிபிஓஇ-யைத் தொடாமல், 192.168.1.2 என்று தனி முகவரி கொடுங்கள். கடைசியாக, அந்த வழியாகப் போவதற்கு நேட் போடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். அது இல்லாவிட்டால், 192.168.10.x-க்கு எந்த வழியில் பதில் அனுப்புவது என்று மோடத்துக்குத் தெரியாது.

பக்கம் திறந்தது. ஒளி அளவு -29 டிபிஎம். ஜிபான் பி பிளஸ் வகைக்கு -27 தான் கடைசி எல்லை! படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே ஆள் வந்தார். பீரோவுக்குப் பின்னால் ஃபைபர் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் -21.

'பூட்டியே கிடந்தால் பாதுகாப்புதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020-ல் வெளியான 'கேபிள் ஹான்ட்' ஓட்டை, வீட்டுக்குள் இருக்கும் பிரவுசர் வழியாகவே கேபிள் மோடமைப் பிடிக்க முடியும் என்று காட்டியது. அதனால் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மற்றவற்றுக்குத் தடை போடுங்கள். மோடத்தோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

கதவு பூட்டியிருக்கட்டும், தப்பில்லை. சாவி நம்மிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் 'எங்க பக்கம் சரி' என்று அவர்கள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? இன்றைக்கே ஒருமுறை திறந்து பாருங்களேன்.