அமெரிக்க ஐக்கியத்தின் யோக்கியதை

ஐக்கியம் என்கின்ற வார்த்தையைக் கேட்டவுடனேயே கன்னத்தில் போட்டுக்கொள்ளுகின்ற வழக்கம் நம் மக்களுக்குள் புகுந்துவிட்டது. யாருடன் யார் சேர்ந்தது, எதற்காகச் சேர்ந்தது, சேர்ந்தபோது யாருடைய பங்கு விட்டுக்கொடுக்கப்பட்டது என்று எவனாவது கேட்டால் அவன் துரோகியாகிவிடுகிறான். ஆகையால், பெயரிலேயே ஐக்கியத்தை வைத்துக்கொண்டிருக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சங்கதியையே எடுத்து, அந்த ஐக்கியம் எப்படி ஏற்பட்டது என்பதைச் சற்று விசாரித்துப் பார்க்கலாம் என்று கருதுகிறோம்.

இங்கிலாந்து அரசருக்கு உட்பட்டுக் கடலோரமாய் இருந்த 13 குடியேற்ற நாடுகளும் ஆதியில் ஒன்றையொன்று சகோதரராய்ப் பாவித்தவை அல்ல. மதமே அவற்றைப் பிரித்து வைத்தது. தங்கள் மதத்துக்கு இங்கிலாந்தில் சுதந்திரம் இல்லை என்று கப்பலேறிப் போன பியூரிட்டன்கள், போய் இறங்கிய மாசசூசெட்ஸில் வேறு மதக்காரனுக்கு இடமில்லை என்றார்கள். குவேக்கர் மதத்தைத் தழுவி, நாடு கடத்தியும் திரும்பி வந்தார் என்பதற்காக மேரி டையர் என்கின்ற அம்மாளை 1660-ல் தூக்கில் போட்டார்கள். அரசாங்கத்துக்கு மனச்சாட்சியில் வேலையில்லை என்று சொன்ன ரோஜர் வில்லியம்ஸ் அங்கிருந்து விரட்டப்பட்டு 1636-ல் பிராவிடென்ஸ் என்ற ஊரை ஏற்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. 1754-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் துண்டுதுண்டாய் வெட்டுண்ட பாம்பின் படத்தைத் தமது பத்திரிகையில் போட்டு, சேராவிட்டால் சாவுதான் என்று எச்சரித்ததோடு ஒரு ஐக்கியத் திட்டமும் போட்டார். ஒரு நாட்டுச் சட்டசபைகூட அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு அவர்களைச் சேர்த்தது எது? பக்தியுமல்ல, பாசமுமல்ல, வரிதான். தங்களுக்குப் பிரதிநிதித்துவம் இல்லாத பார்லிமெண்டு தங்கள் பேரில் வரி போடுவதா என்கின்ற கோபம் 13 பேருக்கும் பொதுவாய் இருந்தது. அந்தக் கோபத்துக்கு அறிவைக் கொடுத்தவர் தாமஸ் பெயின். 1776 ஜனவரியில் அவர் வெளியிட்ட சிறு புத்தகம், அரச பரம்பரை என்பதே ஒரு புரட்டு என்று பாமரனுக்கும் விளங்கும்படி சொல்லிற்று. அந்த வருஷம் ஜூலையில் சுதந்திரப் பிரகடனம் வந்தது. எல்லா மனிதரும் சமம் என்று அதில் எழுதிய ஜெபர்சனுக்கோ, அவர் ஆயுளில் 600 பேருக்கு மேல் அடிமைகள் இருந்தார்கள். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் எழுதிய ஒரு பாகத்தையும் மற்றவர்கள் அடித்துவிட்டார்கள்.

யுத்தத்தில் ஜெயித்த பிறகும் ஐக்கியம் காகிதத்தில்தான் இருந்தது. 1781-ல் அமுலுக்கு வந்த முதல் ஏற்பாட்டின்படி பொதுக் காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. நாடுகளைப் பார்த்துப் பணம் கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். இறக்குமதிச் சரக்குக்கு நூற்றுக்கு 5 தீர்வை போடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது, ரோட் தீவு என்கின்ற மிகச் சிறிய நாடு ஒன்று மாட்டேன் என்றதால் அது வீணாயிற்று. நியூயார்க், பக்கத்து நாடுகளிலிருந்து வரும் படகுகளுக்குக்கூட வரி வசூலித்தது. 1786-ல் மாசசூசெட்ஸ் குடியானவர்கள் கடனும் வரியும் தாங்காமல் ஆயுதம் எடுத்தார்கள். பணக்காரர்களுக்கு அப்பொழுதுதான் பயம் பிடித்தது.

இந்த நிலையில் 1787-ல் பிலடெல்பியாவில் 12 நாடுகளின் பிரதிநிதிகள் 55 பேர் கூடினார்கள். ரோட் தீவு வரவேயில்லை. இங்கே ஒரு விஷயத்தைப் பகுத்தறிவுள்ளவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய நாடுகளுக்கும் சிறிய நாடுகளுக்கும் வாக்குவாதம் முற்றி, கூட்டம் கலைந்துவிடுமோ என்கின்ற நிலையில், 81 வயதான பிராங்க்ளின் எழுந்து, தினமும் ஒரு பாதிரியைக் கூப்பிட்டுப் பிரார்த்தனை செய்து ஆரம்பிக்கலாம் என்றார். ஒரு பிரதிநிதி, பாதிரிக்குக் கொடுக்க நம்மிடம் பணமில்லை என்று பதில் சொன்னார்! ஓட்டுக்கூட எடுக்காமல் சபை கலைந்தது. மூன்று நாலு பேரைத் தவிர மற்றவர்கள் பிரார்த்தனை அவசியமில்லை என்று எண்ணினார்கள் என்று பிராங்க்ளினே குறித்து வைத்தார். பாதிரியும் பஞ்சாங்கமும் இல்லாமல், மூளையையும் பேச்சையும் கொண்டே அவர்கள் அந்தச் சிக்கலைத் தீர்த்தார்கள். ஒரு சபையில் நாட்டுக்கு இருவர், மற்றொன்றில் ஜனத்தொகைப்படி என்று முடிவாயிற்று. அந்தச் சாசனம் தன் அதிகாரத்துக்கு ஆதாரமாக மக்களைச் சொல்லிற்றே ஒழிய, கடவுளைச் சொல்லவில்லை. எந்த உத்தியோகத்துக்கும் மதப் பரீட்சை கிடையாது என்றும் எழுதப்பட்டது. மேரி டையரைத் தூக்கில் போட்ட மண்ணிலே இது எவ்வளவு பெரிய மாறுதல் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க, ஜனத்தொகைப்படி என்றதும் யார் ஜனம் என்கின்ற கேள்வி வந்துவிட்டது. தென்பகுதி ஆண்டைகள், தங்கள் அடிமைகளையும் எண்ணி அதற்குத் தக்க ஸ்தானங்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். சொத்து என்று வாங்கி விற்கிறாயே, சொத்துக்கு ஏது பிரதிநிதித்துவம் என்று வடபகுதியார் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால், ஐக்கியம் கெட்டுப்போகுமே என்று பயந்து கடைசியில் பேரத்துக்கு இணங்கினார்கள். அடிமைகள் 5 பேரை 3 பேராக எண்ணுவது என்று தீர்ந்தது. அந்த 5 பேரில் ஒருவனுக்காவது ஓட்டு உண்டா என்றால் இல்லை. தலை அடிமையுடையது, ஸ்தானம் ஆண்டையுடையது. இது தவிர, 1808 வரை அடிமை வியாபாரத்தைக் காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்றும், தப்பி ஓடினவனைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதிக்கொண்டார்கள். இவ்வளவும் எழுதியவர்கள் அடிமை என்கின்ற வார்த்தையை மட்டும் எழுதவில்லை. "மற்ற நபர்கள்" என்று சுற்றி வளைத்தார்கள். மனிதனைச் சொத்தாகக் கொள்ளும் எண்ணம் சாசனத்தில் ஏறுவது தவறு என்றார் மாடிசன். அவருக்கும் அடிமைகள் இருந்தார்கள். இவ்வளவு பேசிய மண்டபத்தில், யாருடைய தலைகளைப் பற்றிப் பேச்சு நடந்ததோ அந்த மக்களில் ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

இந்தப் பேரத்தின் பலனை அனுபவித்தவர்கள் யாரென்றால், முதல் 5 ஜனாதிபதிகளில் 4 பேர் வர்ஜீனியாவின் அடிமை எஜமானர்கள். நாடும் வளர்ந்தது. 1803-ல் லூசியானாவைப் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்த நிலத்தில் வசித்த பூர்வீகக் குடிகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1830-ல் சட்டம் போட்டு அவர்களை மேற்கே துரத்தினார்கள். செரோக்கி மக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வழியிலேயே செத்தார்கள். 13 நாடுகள் 1959-ல் 50 ஆயின என்று கணக்குச் சொல்லுகின்றவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுவதே யோக்கியமாகும்.

1790-ல் சுமார் 7 லட்சமாய் இருந்த அடிமைகள் 1860-ல் சுமார் 40 லட்சமானார்கள். கூடவே மதமும் வந்து சேர்ந்தது. நோவாவின் சாபத்தால் கறுப்பர்கள் அடிமைகளானார்கள் என்று பாதிரிகள் வேதத்தைப் புரட்டிக் காட்டினார்கள். நம்மவர்களுக்கு இது புதிதாய்த் தோன்றாது. அடிமை வைத்திருப்பவன் மதப் பிரசாரகனாகலாமா என்கின்ற தகராறில் தென்பகுதி பாப்டிஸ்டுகள் 1845-ல் தனிச் சங்கமே வைத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்டது 1995-ல்! 150 வருஷத்துக்குப் பின்புதான் பரிசுத்த ஆவி அவர்களுக்கு அந்த யோசனையைச் சொல்லிற்றுபோலும்.

முடிவில், 1787-ல் எந்த ஐக்கியம் கெட்டுவிடும் என்று பயந்து பேரம் பேசினார்களோ, அதே ஐக்கியம் அந்தப் பேரத்தினாலேயே கெட்டது. தென்பகுதியில் 11 நாடுகள் பிரிந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த சண்டையில் 6 லட்சம் சிப்பாய்களுக்கு மேல் மாண்டார்கள். நமது வாசகர்கள் நன்கறிந்த இங்கர்சாலும் அந்த யுத்தத்தில் ஐக்கியப் படையில் கர்னலாக இருந்தவரே. 1865-ல் அடிமைத்தனம் ஒழிந்தது. 1868-ல் 5-க்கு 3 என்கின்ற கணக்கும் போயிற்று. முழு மனிதனாக எண்ணப்பட்டவனை ஓட்டுச் சாவடிக்குள் விடாமல் தடுக்க அதற்கப்புறமும் தலைவரி, படிப்புப் பரீட்சை என்று வழிகள் கண்டுபிடித்தார்கள். அவற்றை உடைக்க 1965-ல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது.

அந்த விடுதலையின் அர்த்தத்தை இந்தியாவில் உடனே தெரிந்துகொண்டவர் பூனாவிலிருந்த ஜோதிராவ் புலே. 1873-ல் அவர் பார்ப்பனியக் கொடுமையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவர்களைப் பார்த்து நம் நாட்டாரும் சூத்திர மக்களை விடுவிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. "குலாம்கிரி" என்பது புத்தகத்தின் பெயர். குலாம்கிரி என்றால் அடிமைத்தனம். பிலடெல்பியாவில் எழுதாமல் விட்ட அந்த வார்த்தையை அவர் மேலட்டையிலேயே போட்டார்.