மலிவான குப்பைமேடு, விலை உயர்ந்த தண்ணீர்: சிம்பாங் ரெங்கம் சொல்லித் தந்த கணக்கு

குளுவாங் – பைப்பைத் திறக்கும்போது குப்பைத் தொட்டியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆனால், குளுவாங் மாவட்டத்தைச் சேர்ந்த சிம்பாங் ரெங்கம் வட்டார மக்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள உறவு நன்றாகவே தெரியும்.

2019ஆம் ஆண்டில் சுங்கை பெனூட் ஆற்று நீரில் அமோனியா அளவு உயர்ந்ததால், நீர் சுத்திகரிப்பு ஆலை மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டது. தாமான்களிலும் தோட்டங்களிலும் பைப்புகள் வறண்டன. சிம்பாங் ரெங்கம் குப்பைமேட்டிலிருந்து கசிந்த சாறு இதற்கு முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது. அந்தக் குப்பைமேடு மூடப்படும் என்று வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு அதே ஆண்டு அறிவித்தது.

செய்தி பழையதாகிவிட்டது. ஆனால், அதில் இருக்கும் பொறியியலும் பணக் கணக்கும் இன்றைக்கும் நமக்குத் தேவை.

குப்பை எப்படி ஆற்றுக்குப் போகிறது?

தேயிலைத் தூளில் வெந்நீர் ஊற்றினால் சாயம் இறங்குகிறது அல்லவா? குப்பையின் மேல் மழை பெய்தாலும் அப்படித்தான். அழுகிய சோறு, காய்கறி, மீன் கழிவு எல்லாவற்றின் ஊடாகவும் மழைநீர் இறங்கி, கறுப்பான சாறாக அடியில் வருகிறது.

நம் பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஒரு ஹெக்டர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர் தண்ணீர். அப்படியானால், ஒரு ஹெக்டர் குப்பைமேட்டின் மேல் ஆண்டுக்கு 20 மில்லியன் லிட்டர் விழுகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சாறாக இறங்கினாலும் 2 மில்லியன் லிட்டர்.

முறையாகக் கட்டிய குப்பைக் கிடங்கில் அடியில் களிமண்ணும் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் இருக்கும். அதற்கு மேல் துளையிட்ட குழாய்கள் சாற்றைச் சேகரித்துக் குளத்துக்குக் கொண்டுபோகும். அங்கே சுத்திகரித்த பிறகே வெளியே விடுவார்கள். வெறும் நிலத்தில் கொட்டும் குப்பைமேட்டில் இவை எதுவும் இல்லை. நம் நாட்டுக் குப்பைக் கிடங்குகளில் பெரும்பாலானவை இன்னும் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவைதான்.

ஆலையை ஏன் நிறுத்த வேண்டும்?

சுத்திகரிப்பு ஆலைக்கு வரும் ஆற்று நீரில் அமோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சுகாதார அமைச்சின் வரம்பு. குப்பைச் சாற்றிலோ அது லிட்டருக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஒரே ஒரு லிட்டர் சாறு, 650 லிட்டருக்கும் மேற்பட்ட நல்ல தண்ணீரை வரம்புக்குக் கொண்டுபோய்விடும்.

படிகாரம் போட்டால் சேறு அடியில் தங்கும், மணலில் வடிகட்டினால் தூசி நிற்கும். ஆனால், அமோனியா உப்பைப் போல் நீரில் கரைந்திருப்பது. அது வடிகட்டியில் நிற்காது. குளோரின் அதை நீக்கும் என்றாலும், 1 பங்கு அமோனியாவுக்கு ஏறக்குறைய 8 பங்கு குளோரின் தேவை. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் முழுவதையும் அமோனியாவே தின்றுவிடும். அதனால்தான் ஆலையை நிறுத்துவது பொறுப்பான முடிவு. ஆனால், அந்த முடிவின் சுமை விழுவது பைப்புக்கு அடியில் வாளி வைத்திருப்பவர் மேல்.

யார் கணக்கில் எழுதுவது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 1.17 கிலோ குப்பை போடுவதாகச் சொல்லப்படுகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2.1 டன். சாதாரணக் குப்பைமேட்டைவிட முறையான கிடங்குக்கு டன்னுக்கு 40 வெள்ளி கூடுதலாகச் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 85 வெள்ளி.

இப்போது, அதே குடும்பத்துக்கு ஒரு வாரம் தண்ணீர் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் போத்தல் தண்ணீருக்கு நாளுக்கு 12 வெள்ளி என்றால், ஏழு நாளில் 84 வெள்ளி. ஓராண்டில் மிச்சப்படுத்தியது ஒரே வாரத்தில் போய்விட்டது. அரை நாள் சம்பளம், துணி துவைக்கப் போன டோபிக் கடைச் செலவு, உறவினர் வீட்டுக்குப் போய்வந்த பெட்ரோல் எல்லாம் இதில் சேராது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டில் 84 வெள்ளி சிறிய தொகை அல்ல.

இதைத்தான் பொருளாதாரத்தில் புறச்செலவு என்கிறார்கள். ஒருவர் மிச்சம் பிடிக்கிறார், இன்னொருவர் கட்டுகிறார். குப்பைமேட்டின் வரவு செலவுப் புத்தகத்தில் இந்த 84 வெள்ளி வராது. அதனால்தான் அது மலிவாகத் தெரிகிறது.

நீர் நிறுவனத்தின் பக்கமும் நட்டம் உண்டு. நீர் ஆலை போன்ற சொத்துகளைக் கட்ட, 2006இல் அமைக்கப்பட்ட பெங்குருசான் அசெட் ஆயர் என்ற அரசு நிறுவனம் கடன்பத்திரம் மூலம் பணம் திரட்டி, அவற்றைக் குத்தகைக்கு விடுகிறது. ஆலை நின்றாலும் குத்தகையும் வட்டியும் நிற்பதில்லை. அந்தப் பணம் கடைசியில் தண்ணீர்க் கட்டணத்திலிருந்தோ வரிப்பணத்திலிருந்தோதான் வர வேண்டும்.

மூடினால் முடிந்துவிடுமா?

இல்லை. புதைந்து கிடக்கும் குப்பை அழுகிக்கொண்டே இருக்கும். காற்று புகாத இடத்தில் அமோனியா எளிதில் சிதையாது. பல பத்தாண்டுகள் சாற்றில் வந்துகொண்டே இருக்கும். மேலே மண் மூடி போட வேண்டும், சாற்றைத் தொடர்ந்து பிடிக்க வேண்டும், சுற்றிலும் நிலத்தடி நீரைச் சோதிக்க வேண்டும். ஆனால், மூடிய கிடங்குக்குக் குப்பை லோரி வராது, அதனால் வருமானமும் வராது.

நாம் வேலை செய்யும் காலத்திலேயே ஊழியர் சேமநிதிக்கு மாதாமாதம் பிடிக்கிறார்கள். குப்பைக் கிடங்குக்கும் ஒருநாள் ஓய்வுக்காலம் உண்டு. அது இயங்கும்போதே டன்னுக்கு இவ்வளவு என்று ஒதுக்கி வைக்காவிட்டால், முதுமைச் செலவு நம் பிள்ளைகளின் தலையில் விழும்.

நாம் என்ன கேட்கலாம்?

நம் வட்டாரக் குப்பை இப்போது எங்கே போகிறது? அங்கே அடிவிரிப்பும் சாறு சுத்திகரிப்பும் இருக்கின்றனவா? மூடிய குப்பைமேட்டைக் கவனிக்க இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளை ஊராட்சி மன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். இதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

தோட்டங்களில் இருப்பவர்கள் லயத்துக் குப்பைக் குழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிணற்றுக்கோ ஓடைக்கோ மேட்டுப் பக்கத்தில் குழி இருந்தால், சிம்பாங் ரெங்கத்தில் நடந்தது சிறிய அளவில் உங்கள் வாசலிலும் நடக்கலாம். நிர்வாகத்திடம் இடத்தை மாற்றக் கேளுங்கள்.

ஜொகூரில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது கட்டாயம். எல்லாரும் பிளாஸ்டிக், காகிதம் என்றுதான் நினைக்கிறோம். சாற்றுக்கு மூலம் ஈரக் குப்பை. சமையலறைக் கழிவை வாழை மரத்தடியில் புதைத்து உரமாக்கும் நம் பாட்டிமார் பழக்கம், ஆற்றுக்குப் போகும் அமோனியாவைக் குறைக்கும் வேலையும் கூட.

குப்பை லோரி நம் வாசலைத் தாண்டியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்த லோரி எங்கே போய் நிற்கிறது என்பதையும் இனி கேட்டு வைத்துக்கொள்வோம்.