மகளுக்குக் குறி இடது கண்ணில்... ரைபிள் எந்தத் தோளில்?

கேள்வி: “நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய கிராமத்தில் முந்திரியும் கொஞ்சம் கரும்பும் வைத்திருக்கிறோம். மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி என்.சி.சி.யில் .22 ரைபிள் சுடக் கற்றுக்கொடுத்தார்கள். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைதான். ஆனால், குறி பார்க்கும்போது இடது கண்தான் முந்திக்கொள்கிறது என்கிறாள். வலது தோளில் வைத்துச் சுட்டால் குண்டுகள் சிதறுகின்றன. ஒரு முறை இடது தோளில் வைத்தபோது ஐந்தும் பக்கம் பக்கமாக விழுந்தன. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த பணத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவளுக்குச் சொந்தமாக ஒரு ரைபிள் வாங்கலாமா, எப்படிப்பட்டது வாங்குவது? அதை வைத்தே காட்டுப்பன்றியையும் விரட்டிக்கொள்ளலாமா?”

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கூடாது. காட்டுப்பன்றி இன்றும் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று தமிழக அரசு 2025-ல் அறிவித்தது உண்மை. ஆனால், சுடும் வேலை வனத்துறையினருடையது, விவசாயியுடையது அல்ல. அதோடு .22 தோட்டா பன்றிக்குப் போதாது. காயம்பட்டு ஓடும் பன்றி, சும்மா வந்த பன்றியைவிட ஆபத்தானது. குறி தவறிய தோட்டாவோ ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக்கூடியது. முந்திரித் தோப்புக்கு அப்பால் யார் வீட்டு வாசல் இருக்கிறது என்பதைத் தோட்டா பார்க்காது. விளையாட்டுக்கு வாங்கும் ரைபிள் விளையாட்டுக்கு மட்டும்தான்.

இனி மகளின் கண். எழுத ஒரு கை முந்துவதுபோல, பார்ப்பதற்கு ஒரு கண் முந்தும். இரண்டு கண்ணும் திறந்திருந்தாலும் மூளை ஒரு கண்ணின் பார்வையைத்தான் குறிக்கு எடுத்துக்கொள்கிறது. நடவுக்குக் கயிறு பிடிப்பவர் வரப்பில் குந்தி, ஒற்றைக் கண்ணை இடுக்கி நேர் பார்ப்பாரே, அப்போது திறந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கண்தான். நூறு பேரில் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பத்துப் பேர் அளவில் இருந்தால், இடது கண் முந்துபவர்கள் ஏறத்தாழ முப்பது பேர் இருப்பார்கள். ஆகவே கை வலது, கண் இடது என்று இருப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. ஊரில் நிறையப் பேருக்கு அப்படித்தான். கவட்டை வில் பிடித்த காலத்தோடு அதை மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்பக்கம் காட்டி, பெருவிரல்களும் ஆட்காட்டி விரல்களும் சேரும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஓர் ஓட்டை விட வேண்டும். அந்த ஓட்டை வழியே தூரத்தில் தெரியும் அனல்மின் நிலையப் புகைபோக்கியை இரண்டு கண்ணும் திறந்தபடி பார்க்க வேண்டும். நெய்வேலிப் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. பிறகு வலது கண்ணை மட்டும் மூட வேண்டும். புகைபோக்கி ஓட்டைக்குள்ளேயே நின்றால் முந்துவது இடது கண். ஓட்டையை விட்டு நகர்ந்துபோனால் வலது கண். ஒரு முறை பார்த்து முடிவு கட்டக் கூடாது. காலை, மாலை என்று மூன்று நான்கு நாள் பார்க்க வேண்டும். சிலருக்கு எந்தக் கண்ணும் திட்டமாக முந்தாது.

இங்கே பெற்றோர் தவறவிடும் ஒன்று உண்டு. இடது கண் முந்துவது இயல்பாகவும் இருக்கலாம், வலது கண்ணில் பார்வை குறைந்திருப்பதாலும் இருக்கலாம். பிள்ளைகள் ஒரு கண் மங்கலானதை வெளியே சொல்வதே இல்லை. இன்னொரு கண் ஈடுகட்டிவிடுவதால் அவர்களுக்கே தெரியாது. ‘சோம்பேறிக் கண்’ என்று மருத்துவர்கள் சொல்வதும் இதில் ஒரு வகை. அதற்குச் சின்ன வயதிலேயே சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம். எனவே ரைபிள் கடைக்குப் போகும் முன் கண் மருத்துவரிடம் போக வேண்டும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கடலூரிலிருந்து பக்கம்தான். ரைபிளே வாங்காவிட்டாலும் இந்தப் பயணம் வீண் போகாது.

கண் நன்றாக இருக்கிறது, முந்துவது இடதுதான் என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, வலது தோளிலேயே வைத்துக்கொண்டு இடது கண்ணை மறைப்பது. மறைக்கக் கறுப்புத் துணி வேண்டாம். கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம். மூடினால் முகத் தசை களைத்துப்போகும். ஒரு கண் இருட்டானால் மற்றக் கண்ணின் பாவையும் விரியும், குறி மங்கும். வெள்ளையாக, வெளிச்சம் மட்டும் புகும் தகடு ஒன்றைக் கண்ணுக்கு முன் நிறுத்துவார்கள். போட்டியிலும் இதற்கு அனுமதி உண்டு, அளவுக்குத்தான் வரம்பு. பல வருடம் வலது தோளில் சுட்டுப் பழகியவருக்கு இது பொருந்தும்.

மற்றது, ரைபிளையே இடது தோளுக்கு மாற்றுவது. என்.சி.சி.யில் சில முறை சுட்டதோடு நிற்கும் 14 வயதுப் பெண்ணுக்கு இதுதான் சரி. மாற்றுவதற்குப் பழக்கம் என்று ஒன்று இன்னும் ஊன்றவே இல்லை. முதல் சில வாரம் இடது ஆள்காட்டி விரல் விசையை இழுக்கத் தடுமாறும், பிறகு படிந்துவிடும். விரலைப் பழக்கலாம், கண்ணைப் பழக்குவது கடினம். ஐந்து குண்டும் பக்கம் பக்கமாக விழுந்தது என்று அவளே ஒரு முறை பார்த்துவிட்டாள். ‘எல்லோரும் வலதில்தான் வைக்கிறார்கள்’ என்பதற்காக அவளைத் திருப்பி வலதுக்கு இழுக்கத் தேவையில்லை.

அடுத்தது சட்டம். .22 ரைபிள் சுடுகலன். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர், காவல்துறை அறிக்கை பெற்ற பிறகு. 21 வயது நிரம்பாதவர் பெயரில் சொந்தமாக வாங்க முடியாது. ஆனால் 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள், 12 வயது நிறைந்த பிள்ளைகள் பயிற்றுநரோ உரிமம் உள்ள பெரியவரோ கூடவே இருந்து கண்காணிக்க, இலக்குப் பயிற்சி செய்ய இடம் தருகின்றன. ‘மகளுக்குச் சொந்தமாக ஒரு .22’ என்பது இன்னும் ஏழு வருடத்துக்கு நடக்காத காரியம். கிளப் ரைபிளில் பழகலாம். அப்பா உரிமம் எடுத்தால், அவர் முன்னிலையில் மட்டும் பழகலாம்.

ஏர் ரைபிள் கதை வேறு. குழல் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகாமல், ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கினால் அதற்கு உரிமம் வேண்டாம். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் போட்டிக்குப் பயன்படுவதே இந்த வகைதான். கடலூரில் 1999-ல் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், இந்தப் பிரிவில்தான் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். நம் மாவட்டத்துப் பெயர் அங்கே போனது ஏர் ரைபிளில்தான். அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

இடது தோள்காரருக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு. குழலை மடக்கிக் குண்டு போடும் சாதாரண ஏர் ரைபிளுக்கு இடம், வலம் கிடையாது. பின்கட்டையில் கன்னம் பதிக்கும் மேடு இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினால் போதும். இந்தியாவில் செய்தது ஒரு கறவை மாட்டின் விலைக்குள் அடங்கும். ஒரு வருடம் இதில் மூச்சும் விசையும் நிலைபெற்றால், .22 தானாகப் பின்னால் வரும்.

.22 என்று வரும்போது அது ‘ரிம்ஃபயர்’ வகை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தோட்டாவின் அடி விளிம்பில்தான் தீப்பற்றும் மருந்து தடவியிருக்கும். சுத்தி விளிம்பில் அடித்தால் வெடிக்கும். அதனால் தோட்டாவின் பித்தளை மெல்லியது. அபூர்வமாக விளிம்பு கிழிந்தால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிடும். பெரும்பாலான ரைபிள்களில் போல்ட்டும், வெற்றுத் தோட்டா வெளியேறும் வாயும் வலது பக்கம் இருக்கும். இடது தோளில் வைப்பவரின் முகமோ கட்டையின் வலது பக்கம்தான் சாய்ந்திருக்கும். அதாவது வாய் அவரைப் பார்த்தே திறந்திருக்கும். எனவே இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு குண்டு கூடச் சுடக் கூடாது. தானாக வெற்றுத் தோட்டாவை எறிந்து அடுத்ததை ஏற்றும் வகை வேண்டவே வேண்டாம்.

கையால் போல்ட்டைத் திறந்து, ஒரு முறைக்கு ஒரு குண்டு போடும் ரைபிள்தான் முதல் ரைபிளாக இருக்க வேண்டும். போல்ட் இடது பக்கம் இருந்தால் நல்லது. ஜெர்மனியின் வால்தர், அன்ஷூட்ஸ் போன்றவர்கள் இடது கைக்கென்றே தனியாகச் செய்கிறார்கள். அவை லட்சங்களில் போகும். அது கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் 60 குண்டுக்கு 50 நிமிடம் தருகிறார்கள். போல்ட் வலது பக்கம் இருந்தாலும், முன்பக்கத்தை மணல்மூட்டையில் சாய்த்துக்கொண்டு வலது கையால் நிதானமாகத் திறந்து மூடிப் பழகுபவர்கள் உண்டு. வசதிக்குறைவுதான், முடியாதது இல்லை. ஆனால் பின்கட்டையில் வலது தோள்காரருக்கென்று ஒரு பக்கம் மட்டும் செதுக்கிய கன்ன மேடு இருந்தால் அதை வாங்கக் கூடாது. முகம் பதியாத ரைபிளில் கண் எப்படிக் குறியில் நிற்கும்?

எடையும் நீளமும் அடுத்தது. என்.சி.சி.யில் அவள் பிடித்த .22 டீலக்ஸ் ரைபிள் மூன்று கிலோவுக்கும் சற்றுக் குறைவுதான், சுமார் 2.8 கிலோ. அதற்குப் பழகிய கைக்கு, பெரியவர்களின் போட்டி ரைபிளைத் தந்தால் முதுகு வளையும், வளர்கிற எலும்புக்கு நல்லதல்ல. நீளம் பார்க்க எளிய வழி உண்டு. இடது முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால், ஆள்காட்டி விரலின் முதல் கணு விசைக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் கட்டை நீளம். வளரும் பிள்ளைக்கு, அடியில் தகடு சேர்த்து நீட்டிக்கொள்ளும் கட்டையே நல்லது. தொலைநோக்கி வேண்டாம். பின்னால் சிறு துளையும் முன்னால் வளையமும் உள்ள பார்வையில் பழகினால்தான் எந்தக் கண் ஏமாற்றுகிறது என்பது தெரியும். பழைய ரைபிள் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தோட்டா இல்லாமல் விசையைத் தட்டித் தட்டிப் பார்ப்பது பல .22-களில் சுத்தி முனையையும் குழல் விளிம்பையும் கெடுக்கும்.

பணத்துக்கு வருவோம். லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ககன் நரங்குக்கு, அவருடைய அப்பா மனையை விற்று ரைபிள் வாங்கிக் கொடுத்தார் என்ற செய்தி பத்திரிகைகளில் பலமுறை வந்தது. 2024-ல் பாரிஸில் .22 ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலேயும் கோலாப்பூர்ப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைதான். இவர்களைப் பார்த்து ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் நிலம் போன குடும்பத்துக்கு அந்த மிச்சப் பணம் என்பது மறுபடி வராத பணம். ரைபிள் ஒரு முறைச் செலவு. தோட்டா, பயணம், கிளப் சந்தா, கனத்த மேலுடை எல்லாம் ஒவ்வொரு மாதமும் கேட்கும். அந்தத் தொகையிலிருந்து முதல் வருடம் ஏர் ரைபிளுக்கும் கிளப்புக்கும் மட்டும் எடுத்துவிட்டு, மீதியைத் தொடாமல் வைப்பது புத்திசாலித்தனம்.

திருச்சி, சென்னை, மதுரை, கோவையில் ரைபிள் கிளப்கள் இருக்கின்றன. 2022-ல் மாநிலப் போட்டி திருச்சி கிளப்பில்தான் நடந்தது. விருத்தாசலம் வழியாக ரயிலில் போய் வரலாம். சேரும் முன் பயிற்றுநரிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இடது தோள் பிள்ளைகளை இதற்கு முன் பழக்கியிருக்கிறாரா? இரு பக்கமும் பொருந்தும் கட்டை உள்ள ரைபிள் கிளப்பில் உண்டா? சுட்டு முடித்ததும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவித்தான் சாப்பிட வேண்டும் என்று வைத்திருக்கிறாரா? மூன்றாவது சில்லறைக் கேள்வி போலத் தோன்றும். குண்டு ஈயம், வயிற்றுக்குள் போகக் கூடாதது. அதற்கு உடனே ஆமாம் என்று சொல்லும் பயிற்றுநர் மற்ற இரண்டையும் கவனித்துக்கொள்வார்.