உம்றாவோடு ஜோர்தானுமா?

சகோதரிகளே, உம்றாவோடு ஜோர்தானையும் பைத்துல் முகத்தஸையும் சேர்த்துப் போக நிய்யத் வைத்திருப்பவர்கள், "விசாவிலேயே காப்புறுதி இருக்கிறதுதானே" என்று இருந்துவிட வேண்டாம். உம்றா விசாக் கட்டணத்தில் ஒரு காப்புறுதி அடங்கியிருப்பது உண்மை. ஆனால் அது சவூதி எல்லைக்குள் மட்டுமே செல்லும். அம்மானில் உம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வைத்தியசாலைச் செலவு உங்கள் கைக்காசுதான்.

ஆகவே வேறாகப் பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதன் முகப்பில் "உலகம் முழுவதும்" என்றிருக்கும். உள்ளே பொடி எழுத்தில் சில நாடுகள் நீக்கப்பட்டிருக்கும். வைத்தியச் செலவு மிக அதிகமென்பதால் அமெரிக்கா, கனடாவுக்கு அநேகமாகத் தனிக் கட்டணம். பொருளாதாரத் தடையுள்ள ஈரானைப் பல கம்பனிகள் சேர்ப்பதேயில்லை.

பைத்துல் முகத்தஸ் இன்னும் சிக்கல். நமக்கு அது பலஸ்தீனம். கம்பனியின் பட்டியலில் வேறு பெயரில் இருக்கலாம். கேட்டுக்கொள்ளுங்கள். யுத்தத்தால் வரும் காயத்துக்குப் பெரும்பாலான பத்திரங்கள் பணம் தருவதில்லை. 2023 ஒக்டோபரில் காஸா யுத்தம் மூண்டபின் பல அரசாங்கங்கள் அப்பகுதிக்குப் பயண எச்சரிக்கை விடுத்தன. எச்சரிக்கையுள்ள இடத்துக்குப் போனால், சாதாரணக் காய்ச்சலுக்குக்கூடப் பணம் மறுக்கும் பத்திரங்களும் உண்டு.

முகவர், "எல்லாம் சேரும் தாத்தா" என்பார். வாய்ப்பேச்சு போதாது. போகும் நாடுகளின் பெயர்களை, இடையில் இறங்கித் தங்கும் டுபாய், டோஹா உட்பட, பத்திரத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தகாபுல் முறையில் எடுத்தாலும் இதே கேள்விதான். காசு கட்டுமுன் கேளுங்கள்.